மெதுவாக வாசிக்கும் பிள்ளை

திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி உயரும் மேட்டுநிலம் ஓர்ஸ் ஹில். குடியிருப்புகளும் அரச அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் அந்த மேட்டிலோ, அதன் அடிவாரத்திலோ உள்ள ஏதாவதொரு தமிழ்மொழிமூல ஆரம்ப வகுப்பை எண்ணிக்கொள்வோம். முப்பத்தைந்து பிள்ளைகள், ஓர் ஆசிரியை. மொழி எதுவானாலும் பண்பாடு எதுவானாலும், பாடசாலை வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 வீதம் வரையானோருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் பிறவியோடு வந்த கற்றல் இடர்பாடு இருக்கிறது என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு மதிப்பிடுகிறது. அந்தக் கணக்கின்படி நம் வகுப்பில் குறைந்தது இரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தாலும் வியப்பில்லை. ஆனால் இவர்களை யாரும் அப்படி அறிவதில்லை. பதிவேட்டில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்ற வரிசையில் இருக்கிறார்கள். வீட்டில் ‘படிப்பு ஏறாத பிள்ளை’. விளையாட்டு மைதானத்தில் ‘மொக்கு’. இந்த அத்தியாயம் ஒரே ஒரு விடயத்தை நிறுவ முயல்கிறது. தமிழில் வாசிப்பு இடர்பாடு பெரும்பாலும் பிழையாக வெளிப்படுவதில்லை, தாமதமாகவே வெளிப்படுகிறது. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை. நம் பரீட்சைகளோ சரியாக அந்தத் தாமதத்தையே தண்டிக்கின்றன. ஆகவே சான்றிதழுக்கும் நிபுணருக்கும் காத்திராமல், முதல் இரண்டு தரங்களிலேயே, சாதாரண வகுப்பறையிலேயே உதவி தொடங்கியாக வேண்டும்.

இந்த இடர்பாடு மருத்துவ ஏட்டில் தெளிவாகப் பதிவான ஆண்டு 1896. பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். பேச்சிலும் கணக்கிலும் எந்தக் குறையும் இல்லாத அந்தச் சிறுவனால் சிறிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. அக்கால வைத்தியர்கள் கோளாறு பார்வையில் இருப்பதாகவே நினைத்தார்கள். எழுத்துகளைத் தலைகீழாகப் பார்க்கும் நோய் என்ற எண்ணம் இன்றுவரை திரைப்படங்களில் வாழ்கிறது. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டு ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. பேச்சு மனிதருக்கு இயல்பாக வருவது, வாசிப்பு அப்படியல்ல. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. மூளையில் வாசிப்புக்கென்று ஒரு பகுதி பரிணமிக்க அவ்வளவு காலம் போதாது. வாசிக்கக் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும், உருவங்களை அடையாளம் காணும் பகுதியைப் பேச்சொலிகளைக் கையாளும் பகுதியோடு புதிதாக இணைத்துக்கொள்கிறது. அந்த இணைப்பின் பேச்சொலிப் பக்கம் சிலருக்குப் பலவீனமாக அமைந்துவிடுகிறது. ‘மரம்’ என்ற சொல்லில் எத்தனை ஒலிகள், முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பிரித்துப் பார்ப்பது அவர்களுக்குக் கடினம். இங்கிலாந்தில் பிராட்லியும் பிரையன்ட்டும் வாசிக்கத் தொடங்காத 403 சிறுவர்களைச் சோதித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒலிகளை இனம் பிரிக்கும் திறன் பின்னாளைய வாசிப்பை முன்கூட்டியே சொன்னது. அதில் பின்தங்கியவர்களில் சிலருக்கு ஒலிப்பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கியபோது அவர்கள் முன்னேறினார்கள். அந்த முடிவு வெளியான ஆண்டு 1983. புத்திக்கூர்மையும் சோம்பலும் இந்த விளக்கத்தில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே தமிழ் ஆசிரியர்கள் பலர் எழுப்பும் முதல் மறுப்பு எழுகிறது. இதெல்லாம் ஆங்கிலத்தின் குழப்பமான எழுத்துக்கூட்டலால் வரும் நோய், தமிழில் எழுதியபடி வாசிக்கிறோம், ஆகவே நம் பிள்ளைகளுக்கு இது வராது என்பது அவர்களின் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஒப்பாய்வு, முதல் தரத்தின் முடிவில் பழக்கமான சொற்களைப் பிள்ளைகள் எவ்வளவு சரியாக வாசிக்கிறார்கள் என்று அளந்தது. பின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன் பேசும் பிள்ளைகள் 98 வீதம் அளவில் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் 34 வீதம்தான். எழுத்து முறை ஒழுங்காக இருந்தால் கற்பது விரைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் இடர்பாடு அதனால் மறைந்துபோவதில்லை, உருமாறுகிறது. சால்ஸ்பர்க்கில் ஹைன்ஸ் விம்மர் ஆராய்ந்த ஜெர்மன் மொழிப் பிள்ளைகள் சொற்களைப் பெரும்பாலும் பிழையின்றியே வாசித்தார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகத் தடவித் தடவி, சக மாணவர்களைவிடப் பல மடங்கு மெதுவாக வாசித்தார்கள். 2001இல் பவுலேசுவும் அவருடைய குழுவினரும் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் வாசிப்பு இடர்பாடு உள்ள பல்கலைக்கழக மாணவர்களின் மூளைச் செயற்பாட்டைப் படம் பிடித்தார்கள். வாசிப்புச் சோதனையில் இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரையும்விட நன்றாகச் செய்தார்கள். மூளைப் படங்களில் வேறுபாடு இல்லை. இடது பக்கத்தின் அதே பகுதியில் மூவருக்கும் அதே மந்தம். உயிரியல் வேர் ஒன்று, அது வெளியே தெரியும் முகத்தை எழுத்து முறை தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த முகம் பிழை. ஒழுங்கான எழுத்துகளில் அது தாமதம்.

தமிழுக்கு நெருங்கிய ஒப்பீடு ஆங்கிலத்தில் கிடைக்காது, பின்னிஷ் மொழியில் கிடைக்கும். பின்னிஷும் தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. வேரோடு விகுதிகளை ஒட்டி ஒட்டி நீண்ட சொற்களை ஆக்கும். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஒற்றை மெய்யும் இரட்டித்த மெய்யும் வெவ்வேறு சொற்களைத் தரும். ஜைவஸ்கலா பல்கலைக்கழகத்தில் ஹைக்கி லுய்ட்டினனின் குழு சுமார் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் பெற்றோரில் ஒருவருக்காவது வாசிப்பு இடர்பாடு இருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு மாதக் குழந்தையிடம், எழுத்து என்பதே என்னவென்று தெரியாத வயதில், ‘அத’ என்ற ஒலிக்கும் ‘அத்த’ என்ற ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்தார்கள். நடுவில் உள்ள மெய்யின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தபோது, இடர்பாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அதை இரட்டித்த மெய்யாக உணர மற்றவர்களைவிட அதிக நீளம் தேவைப்பட்டது. இதைத் தமிழ் ஆசிரியர் ஒருவர் வாசித்தால் உடனே சொல்வதெழுதல் கொப்பி நினைவுக்கு வர வேண்டும். ‘பாட்டு’ என்று சொன்னால் ‘பாடு’ என்று எழுதும் பிள்ளை, ‘பட்டம்’ என்பதற்குப் ‘படம்’ என்று எழுதும் பிள்ளை, ஒற்றை விட்டுவிட்டு, குறிலுக்கு நெடிலையும் நெடிலுக்குக் குறிலையும் போடும் பிள்ளை நம் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்த இடங்களில் சிவப்பு மையால் சுழித்துவிட்டுக் கவனக்குறைவு என்று எழுதுகிறோம். பின்னிஷ் சான்றிலிருந்து தமிழுக்குத் தாவுவது ஊகம்தான். ஆனால் நியாயமான ஊகம். மாதக்கணக்காகத் திருத்தியும் ஒற்று விழுந்துகொண்டே இருந்தால், அந்தக் காதில் ஒலியின் நீளம் எப்படிப் பதிகிறது என்று ஒருமுறை சோதித்துப் பார்க்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது.

தமிழ் எழுத்து ஒழுங்கானது என்பதற்கும் இலகுவானது என்பதற்கும் இடைவெளி உண்டு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். அவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ போன்றவையும் சேரும். கொள்கையளவில் முப்பது எழுத்துகளையும் பதினொரு குறிகளையும் கற்றால் போதும். நடைமுறையில் உகர, ஊகார வரிசை அந்த ஒழுங்கை உடைத்துவிடுகிறது. கு, சு, டு, து, மு, ரு என்பவற்றைப் பார்த்து ஒரே உகரம்தான் இத்தனை உருவம் எடுத்திருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? ‘கெ’யில் குறி எழுத்துக்கு முன்னே நிற்கிறது, உயிரொலியோ பின்னே வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ஹிந்தியில் இதேபோல முன்னே எழுதிப் பின்னே ஒலிக்கும் இகரக் குறியை வைத்து ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரும் 2002இல் செய்த ஆய்வில், அத்தகைய சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் எடுத்தது தெரியவந்தது. கன்னட எழுத்து தமிழைவிட விரிவானது, ஆனால் ஒரே குடும்பத்து முறைமை. சோனாலி நாக் அங்கே நடத்திய ஆய்வுகள், முழு எழுத்துத் தொகுதியும் பிள்ளையின் கைவசமாக நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகலாம் என்று காட்டின. பின்தங்கும் பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். தரம் ஒன்றில் எழுத்தெல்லாம் முடிந்துவிட்டது என்று பாடத்திட்டம் நினைக்கும்போது, மெதுவான பிள்ளை எழுத்தின் பாதி வழியில்தான் நிற்கிறது. இதற்கு மேல் சொல்லின் நீளம் வேறு. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பதில் பதினைந்து எழுத்துகள். எழுத்தெழுத்தாக ஏறும் பிள்ளை ‘களுக்கு’ என்ற இடத்துக்கு வரும்போது ‘போய்’ என்று தொடங்கியது நினைவிலிருந்து நழுவியிருக்கும். எழுத்துகளைச் சரியாகச் சொல்லும், ஆனால் வாசித்தது என்ன என்று கேட்டால் விழிக்கும். விளங்கும் திறன் இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அதே கதையை வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டுப் பார்த்தால் அந்த முடிவு பெரும்பாலும் நிற்காது.

வீட்டுப் பேச்சும் பாடநூல் மொழியும் இரண்டாக இருப்பது அடுத்த சுமை. பிள்ளை ‘வாறன்’ என்கிறது, புத்தகம் ‘வருகிறேன்’ என்கிறது. அரபு மொழியிலும் இதே பிளவு உண்டு. வீட்டுப் பேச்சில் இல்லாத, எழுத்து மொழியில் மட்டும் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவது பிள்ளைகளுக்குக் கூடுதல் கடினம் என்று எலினோர் சயே-ஹதாத் காட்டியிருக்கிறார். பேச்சில் கலந்துவிட்ட ல, ள, ழ வேறுபாட்டை எழுத்தில் கேட்கும்போது நம் பிள்ளைக்கு நேர்வதும் அதுவே. திருகோணமலை மூன்று மொழிகளின் நகரம். தமிழில் தொடங்கிய பிள்ளை ஆங்கில எழுத்தையும் பின்னர் சிங்கள எழுத்தையும் கற்க வேண்டும். ஓர் எழுத்தில் மறைந்திருந்த இடர்பாடு இன்னோர் எழுத்தில் வெடித்து வெளிவரலாம். வைடெல், பட்டர்வர்த் இருவரும் 1999இல் விவரித்த ஓர் இளைஞர் ஆங்கிலமும் ஜப்பானியமும் தாய்மொழியாகப் பேசியவர். ஜப்பானிய எழுத்தில் பல்கலைக்கழக மட்டத்தில் வாசித்தார், ஆங்கிலத்தில் கடுமையாகத் தடுமாறினார். ஆங்கிலப் பாடத்தில் மட்டும் சரிகிற பிள்ளையை மொழிப்பற்றில்லாதது என்று சொல்லும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். இலங்கையில் பிள்ளை வயதின்படி தரம் ஏறுகிறது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஆண்டு முடிந்தால் அடுத்த வகுப்பு. பிள்ளையை ஒரே வகுப்பில் மறித்து வைப்பதால் பெரிய நன்மை இல்லை என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடே. ஆனால் ஐந்தாம் தரத்தில் திடீரென்று ஒரு சுவர் எழுகிறது. ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையில், பத்து வயதுப் பிள்ளை பக்கம் பக்கமாக வினாக்களை வாசித்துக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். வெட்டுப்புள்ளி, ரியூசன் வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளி என்று குடும்பமே அதைச் சுற்றிச் சுழல்கிறது. அந்தத் தாள்கள் அளப்பதாகச் சொல்வது அறிவை. முதலில் அளப்பது வாசிப்பு வேகத்தை. வினாவின் விடை தெரிந்த பிள்ளையும் அந்த வினாவை வந்தடையாமலே தாளை ஒப்படைக்க நேர்கிறது. ஐந்து ஆண்டுகள் தாமதத்தைக் கவனிக்காமல் விட்ட அதே அமைப்பு, ஆறாவது ஆண்டின் வாசலில் அந்தத் தாமதத்துக்காகவே பிள்ளையைத் தரம்பிரித்துவிடுகிறது. கீத் ஸ்டனோவிச் 1986இல் விளக்கிய சுழல் அதற்குள் முற்றியிருக்கும். மெதுவாக வாசிக்கும் பிள்ளை குறைவாக வாசிக்கிறது. குறைவாக வாசிப்பதால் சொல்வளம் குறைகிறது, சொல்வளம் குறைந்ததால் வாசிப்பு இன்னும் மெதுவாகிறது. தொடக்கத்தில் ஒலியில் மட்டும் இருந்த சிறு பலவீனம் பத்து வயதில் எல்லாப் பாடங்களிலும் பரவிய பலவீனமாகத் தெரியும்போது, முதல் காரணத்தைத் தேடிப்பிடிப்பதே கடினமாகிவிடும்.

கிழக்கு மாகாணத்தை அறிந்த எவரும் எழுப்பக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இங்கே வாசிக்க முடியாத பிள்ளைகளுக்குப் பிறவிக் காரணம் தேட வேண்டியதில்லை, காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன என்பது அது. 2009 வரை போர். 2004இல் கடற்கோள். பின்னர் பெருந்தொற்றில் பூட்டிய பாடசாலைகள், 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் பூட்டிய பாடசாலைகள். பெற்றோரின் படிப்பே இடையில் அறுந்த வீடுகள். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. தோமஸ் எல்பேர்ட் தலைமையில் வன்னிப் பகுதியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த, 2009இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோர் குண்டுவீச்சு, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்ததைப் பதிவுசெய்தது. நால்வரில் ஒருவருக்கு மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் முழுமையாக இருந்தன. அது நினைவுத் திறனையும் பாடசாலைத் தேர்ச்சியையும் பாதித்திருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோராகியிருக்கும் வயது. ஆகவே ஒரு பிள்ளை வாசிக்கவில்லை என்றால் அது மனவடுவாலா, வறுமையாலா, கற்பித்தல் போதாமையாலா, பிறவி இடர்பாட்டாலா என்று ஒரே பார்வையில் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இந்த மறுப்பிலிருந்து ‘ஆகவே பிறவி இடர்பாடு இல்லை’ என்ற முடிவு பிறக்காது. போர் நடந்த ஊரில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளை பிறக்காது என்று யாரும் சொல்வதில்லையே. துன்பம் நிறைந்த ஊரில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். அப்படி ஏறியிருக்கும் பிள்ளைக்குத்தான் உதவி மிக விரைவாகத் தேவை.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு உலகம் கண்ட மிக நேர்மையான விடை, கற்பித்தலையே சோதனையாக்குவது. வகுப்பில் எல்லாருக்கும் முறையாக ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பிப்பது முதல் படி. அதில் பின்தங்குவோரை மூன்று, நான்கு பேராகச் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் தீவிரமாகப் பயிற்றுவது இரண்டாம் படி. பாடசாலை பூட்டியதால் தவறவிட்ட பிள்ளை பெரும்பாலும் இங்கே மீண்டுவிடும். நல்ல கற்பித்தல் கிடைத்தும் அசையாமல் நிற்கும் பிள்ளைக்கே விரிவான மதிப்பீடும் தனித்த உதவியும். ஐக்கிய அமெரிக்கா 2004இல் தன் விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த வழிக்கு இடம் கொடுத்தது. பின்லாந்தின் சாதாரணப் பாடசாலைகளில் பல ஆண்டுகளாகப் பகுதிநேர விசேட ஆசிரியர் இருந்து வருகிறார். அவரிடம் போக வைத்தியச் சான்றிதழ் தேவையில்லை, வகுப்பாசிரியரின் சொல் போதும். அவ்வளவு பிள்ளைகள் போய் வருவதால் அங்கே போவது அவமானமாகவும் இல்லை. தமிழில் பேசி மதிப்பீடு செய்யக்கூடிய நிபுணர்கள் தேவைக்கு மிகக் குறைவாக உள்ள ஒரு மாகாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நோயறிதலுக்குப் பிறகே உதவி என்று விதித்தால், நோயறிதல் கிடைக்காத இடத்தில் உதவியே கிடைக்காது.

இந்த இடத்தில் துறைக்குள்ளிருந்தே வரும் ஒரு விமர்சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜூலியன் எலியட், எலெனா கிரிகோரென்கோ இருவரும் 2014இல் எழுதிய நூலில், வாசிப்புக்குத் திணறும் பிள்ளைகளில் சிலரை மட்டும் பிரித்து ‘டிஸ்லெக்சியா’ என்று பெயரிடுவதற்கு அறிவியல் அடிப்படை போதாது, எல்லாருக்கும் தேவைப்படும் பயிற்சி ஒன்றே என்றார்கள். இவர்களின் வாதத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். முன்பெல்லாம் நுண்ணறிவு ஈவு உயர்ந்தும் வாசிப்பு தாழ்ந்தும் இருந்தால்தான் இந்தப் பெயர் கிடைக்கும். நுண்ணறிவு ஈவும் தாழ்ந்திருந்தால் அது வெறும் மந்தம். 2011இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபுமிக்கோ ஹெஃப்டின் குழு, இரு வகைப் பிள்ளைகளின் மூளையும் ஒலிகளைக் கையாளும்போது ஒரே விதமாகவே இயங்குவதைக் காட்டிய பிறகு அந்தப் பாகுபாடு வலுவிழந்தது. 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் அதைக் கைவிட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, வறிய வீட்டுப் பிள்ளைக்கு மந்தம் என்ற அநீதி அதனோடு ஒழிந்தால் நல்லது. ஆனால் பெயரே வேண்டாம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நம் ஊரில் பெயர் இல்லாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே ‘சோம்பேறி’யும் ‘மொக்கு’ம் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பிள்ளை தன்னைப் பற்றி நம்பத் தொடங்குவது அந்தச் சொற்களைத்தான். காரணம் இன்னதென்று தெரிந்த பெற்றோர் அடிப்பதை நிறுத்துகிறார்கள் என்றால், அந்த ஒரு நன்மைக்காகவே பெயர் இருக்கட்டும். உதவிக்கு அது வாயிற்காவலாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பரீட்சையில் மேலதிக நேரம் கொடுப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்பது பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கே ரன்யன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், கற்றல் இடர்பாடு உள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கு மேலதிக நேரம் கொடுத்தபோது அவர்களின் புள்ளி மற்றவர்களின் அளவுக்கு உயர்ந்தது. இடர்பாடு இல்லாதவர்களுக்கு அதே நேரம் கொடுத்தபோது மாற்றம் அநேகமாக இல்லை. பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் மற்றவர்களும் சிறிது பயன்பெற்றது உண்மை. அதிலிருந்து பெற வேண்டிய பாடம் வேறு. நேரத்தை நீட்டினால் எல்லாருடைய புள்ளியும் ஏறுகிறது என்றால், அந்தத் தாள் வரலாற்றையோ விஞ்ஞானத்தையோ அளக்காமல் வேகத்தை அளந்துகொண்டிருந்தது என்று பொருள். இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. ஆனால் அதைக் கேட்க, இடர்பாடு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஆவணமும் வேண்டும். பிழையின்றி மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியாது.

வகுப்பறையில் செய்யக்கூடியது என்ன? விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். வண்ணக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் வாசிப்பு இடர்பாட்டைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2009இலேயே அறிவித்துவிட்டது. அவற்றுக்குக் கடன் வாங்கிச் செலவழிக்கும் பெற்றோரை ஆசிரியர்கள் தடுக்க வேண்டும். பயன் தருவது, எழுத்தட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பதை விட்டு, மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கையால் சேர்த்துப் பிரித்துக் காட்டுவது. உகர வரிசையைத் தனியாக, பொறுமையாக, உருவ ஒற்றுமைப்படி கூட்டம் பிரித்துக் கற்பிப்பது. ‘படம்’, ‘பட்டம்’ போன்ற இணைகளைச் சொல்லிக் கைதட்டி நீளத்தை உணர வைப்பது. நீண்ட சொற்களைப் ‘போய்க் – கொண்டிருந்த – வர்களுக்கு’ என்று கோடு போட்டுத் துண்டாக்கிக் கொடுப்பது. ஒரே சிறு பத்தியை நான்கு முறை வாசிக்க வைத்து நான்காம் முறையின் வேகத்தைப் பிள்ளையே காணச் செய்வது. மணலில் விரலால் எழுத்து வரைந்து ஒலியைச் சொல்லிப் பழகிய திண்ணைப் பள்ளி முறையை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பார்த்த அன்ட்ரூ பெல் தன் கல்வித் திட்டத்தில் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கையும் காதும் கண்ணும் ஒன்றாகப் பழகும் அந்த வழி, இன்று இடர்பாடுள்ள பிள்ளைகளுக்கான பயிற்சிகள் பலவற்றில் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. வாசிக்கத் தயங்கும் பிள்ளையை முன்னறிவிப்பு இன்றி எழுப்பி எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்வதை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம். முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியைக்கு நேரம் எங்கே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மேற்சொன்னவற்றில் பெரும்பகுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும் கற்பித்தல், தனி வேலை அல்ல. சிறு குழுப் பயிற்சிக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளைக் கொடுப்பது ஆசிரியையின் பொறுப்பல்ல, மாகாணத்தின் பொறுப்பு.

கணக்கு இடர்பாட்டைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். எட்டு, ஒன்பது வயதிலும் ஐந்தையும் மூன்றையும் விரல்விட்டே கூட்டும், எது பெரிய எண் என்று பார்த்தவுடன் சொல்லத் தடுமாறும் பிள்ளைக்கு எண்ணளவை உணரும் திறனே பலவீனமாக இருக்கலாம் என்பது பிரையன் பட்டர்வர்த்தின் வாதம். அத்தகைய பிள்ளையை வாய்பாடு ஒப்பிக்க வைப்பது உதவாது. புளியங்கொட்டையும் எண்கோடும் உதவும். விரலைப் பறிக்கக் கூடாது.

சட்டம் இந்தப் பிள்ளைகளை எங்கே நிறுத்துகிறது? இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் இயலாமையை அது வரையறுக்கும் விதம், அன்றாட வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவர் என்பதாக இருக்கிறது. பந்து விளையாடி, கடைக்குப் போய்ச் சரியாக மிச்சக் காசு வாங்கி வரும், ஆனால் வாசிக்க முடியாத பிள்ளை அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. இந்தியா 2016இல் இயற்றிய சட்டம் இருபத்தொரு இயலாமைகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. இலங்கை அதே ஆண்டில் மாற்றுத்திறனாளர் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, பொதுக் கல்வி முறைக்குள்ளேயே தேவையான ஆதரவைத் தரக் கோருகிறது. உறுதிமொழிக்கும் சட்டத்தின் வரையறைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி அடைபட வேண்டும்.

அதற்கு முன்பே, சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமல், தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தாமதம்தான் அறிகுறி என்றால், எது தாமதம் என்று தெரிய வேண்டும். தரம் இரண்டின் நடுவில், திருகோணமலைப் பிள்ளை ஒன்று பாடநூல் தமிழை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிப்பது வழக்கம்? ஆங்கிலத்தில் இதற்கு வகுப்புவாரியாக அட்டவணைகள் உண்டு. அவற்றை மொழிபெயர்த்துப் பயன்படுத்த முடியாது, ஏனெனில் தமிழின் ஒரு சொல் ஆங்கிலத்தின் மூன்று சொல்லுக்குச் சமமாகலாம். எண்ண வேண்டியது எழுத்தை. இந்தியாவின் தேசிய மூளை ஆய்வு மையத்தில் நந்தினி சாட்டர்ஜி சிங்கின் குழு ஹிந்தி, மராத்தி, கன்னடம் ஆகிய மொழிகளுக்கு அந்தந்த மொழியிலேயே சோதனைகளை உருவாக்கி 2015இல் வெளியிட்டபோது பின்பற்றிய நெறியும் இதுதான். கிழக்கு மாகாணத்தின் கல்வி நிர்வாகம் நடப்பது திருகோணமலையில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று அதே மாவட்டத்தில் இருக்கிறது. ஓர்ஸ் ஹில்லிலிருந்து மூதூர், கிண்ணியா வரை பத்திருபது பாடசாலைகளில், ஒரு தவணைக்குள், ஒரு பக்கத் தமிழும் கடிகாரமும் மட்டும் கொண்டு ஆசிரியர்களே அந்த அளவைச் சேகரித்துவிடலாம். பிள்ளை வாசிக்கும்போது பிழைகளை ஒரு கட்டத்திலும் நொடிகளை இன்னொரு கட்டத்திலும் குறிக்க வேண்டும். இதுவரை முதல் கட்டத்தை மட்டுமே நிரப்பி வந்திருக்கிறோம்.